உப்புத் தண்ணீர்

நம் வயதுக்காரர்களுக்கு மண்ணெண்ணெய் வாசனையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுப்படி மூலையில் ஒரு தகர டின், அதன் தலையில் கவிழ்த்து வைத்த புனல், டின்னைச் சுற்றித் தரையில் பிசுபிசுவென்று ஒரு கறுப்பு வட்டம். ரேஷன் கடையில் ஊற்றுகிற நாளில் வரிசையில் நின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடு சாப்பிட உட்கார்ந்தால் ரசத்திலும் அதே வாசனை. எங்கள் ஊரில் அதைக் கிருஷ்ணாயில் என்போம். ஏதோ சாமி சம்பந்தப்பட்டது என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன்.

இப்போது யார் வீட்டிலும் அந்த டின் இல்லை. போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறையில், தரை துடைக்கிற மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கீழே வைத்திருந்தாள். அவளுடைய குழந்தை இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஒரு பாட்டிலுக்கா இந்தக் கத்து கத்துறே?" என்று மகள் கோபித்துக்கொண்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீங்களும் பேரன் பேத்தி எடுத்திருப்பீர்கள்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் பேகோபுரத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. வரிசையாக நான்கு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம், முற்றத்து ஓரத்தில் ஒரே குழாய். அப்பா தபால்காரர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் அவருடையவை. அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, தனக்கு வரும் கடிதங்களின் ஸ்டாம்பைக் கிழித்து அப்பாவிடம் கொடுத்தனுப்புவார். அப்பா காக்கிச் சட்டைப் பையில் கைவிட்டதுமே என் தங்கை ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு மூன்று. எல்லோருக்கும் அவள் பாப்பாதான். கையில் கிடைத்த ஸ்டாம்பை முதலில் நக்கிப் பார்ப்பாள். பிறகுதான் படம் பார்ப்பாள். சாக்பீஸ், புளியங்கொட்டை, விபூதி, எதுவானாலும் வாய்க்குள் போய்த்தான் திரும்பும். "இது வாயாலதான் பார்க்கும், கண்ணு சும்மா பேருக்கு" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று யாருக்குமே தோன்றவில்லை.

அந்த வருஷம் தீபத்துக்கு அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. கீழ்பென்னாத்தூரில் நிலம் நீச்சோடு இருந்தவள். வரும்போதே ஒரு மூட்டை வேர்க்கடலையோடுதான் வருவாள். மலைமேல் தீபம் ஏற்றிய சாயங்காலம் தெருவில் கால் வைக்க இடமில்லை. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. நனைந்த துணியும் கற்பூரமும் நெய்யும் கலந்த ஒரு வாசனை ஊர் முழுக்க. அத்தை எங்களைக் கூட்டிப்போய் ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். ஆரஞ்சு நிறம். பாப்பா பாதிதான் குடித்தாள். பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, "எடுத்துட்டுப் போம்மா, திருநாளும் அதுவுமா கொழந்தைய அழ விடாதே" என்றார்.

அதன்பிறகு அந்தப் பாட்டிலில்தான் அவள் தண்ணீர் குடித்தாள். டம்ளரில் கொடுத்தால் தட்டிவிடுவாள். நாங்களும் ஊற்றி ஊற்றிக் கொடுத்தோம். பாட்டிலைத் தூக்கினால் தாகம் தீரும் என்று அவளுக்குப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

தீபம் ஏற்றிய மூன்றாம் நாள் காலை அடுப்படியிலிருந்து அத்தை கூப்பிட்டாள். கிருஷ்ணாயில் டின்னின் அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. எண்ணெய் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்து எண்ணெய். அத்தை பரபரவென்று கையில் கிடைத்ததில் எல்லாம் பிடித்தாள். ஒரு குண்டான், ஒரு சொம்பு. அதற்கும் மிஞ்சியதைப் பாப்பாவின் பாட்டிலில். புனலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அம்மா வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை நீங்க பார்த்தீங்க அண்ணி, இல்லைன்னா மொத்தமும் போயிருக்கும்" என்றாள். பாட்டில் வாயில் காகிதத்தைச் சுருட்டிச் செருகித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். வேறு டின் வாங்கும் வரைக்கும்தானே.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பாப்பா உள்ளே போனதை நான் பார்த்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு இருமல். இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை, மூச்சு உள்ளே போகாமல் தொண்டையில் மாட்டிக்கொள்கிற இருமல். அம்மா ஓடினாள். பாட்டில் உருண்டு கிடந்தது. பாப்பாவின் வாயிலும் கவுனிலும் அந்த வாசனை. ஒரு வாய், மிஞ்சினால் இரண்டு வாய் குடித்திருப்பாள்.

நான்கு வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள். கடைசி வீட்டில் இருந்த பூக்காரம்மாதான் முதலில் சொன்னது.

"உப்புத் தண்ணி குடும்மா! வாந்தி எடுத்துட்டா எல்லாம் வெளிய வந்துடும்."

"கெட்டியா கரைச்சுக் குடு, அப்பத்தான் வரும்" என்றாள் இன்னொருத்தி.

அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. உங்களுக்கும் இருந்திருக்காது. அத்தை கையைப் பிடித்துக்கொள்ள, அம்மா ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைப் புகட்டித் தொண்டைக்குள் விரல் விட்டாள். வாந்தி வந்தது. இன்னொரு டம்ளர். மறுபடியும் வந்தது. மூன்றாவது டம்ளரைக் கரைத்தபோது பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்து, "வேணாம்மா, போதும்மா" என்று அழுதாள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "எல்லாம் வந்துடுச்சு, இனிமே பயம் இல்ல" என்று பூக்காரம்மா சொன்னாள். பாப்பாவின் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, பாயில் படுக்க வைத்தோம். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பக்கூட இல்லை.

மத்தியானம் சாப்பிட வந்த அப்பா பாயைப் பார்த்தார். பாப்பாவின் மூக்கு மடல்கள் விரிந்து விரிந்து சுருங்கின. விலா எலும்புக்குக் கீழே வயிறு குழிந்து குழிந்து எழும்பியது. உதட்டில் ஒரு நீலம். அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். திருநாளுக்கு வந்த ஜனம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அவர் கத்திக்கொண்டே போனது தெருமுனை தாண்டியும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். இரண்டாம் நாள் அப்பா அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா உள்ளே பாப்பாவின் பக்கத்தில் இருந்தாள். வராந்தாவில் டாக்டர் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். இளவயது டாக்டர். கோபப்படுகிறவர் போல இல்லை, களைத்துப் போனவர் போல இருந்தார்.

"வாந்தி எடுக்க வெச்சது யாருங்க?"

"வூட்டுல... என் சம்சாரம் சார்."

"கிருஷ்ணாயில் வயித்துல இருந்தவரைக்கும் பெருசா ஒண்ணும் பண்ணியிருக்காதுங்க. வாந்தி எடுக்கறப்போ மேல வந்து மூச்சுக்குழாய்ல எறங்கிடுச்சு. நுரையீரல் வெந்து போச்சு. ஒண்ணும் குடுக்காம அப்படியே தூக்கிட்டு வந்திருந்தா, நான் ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பியிருப்பேன்."

அப்பா சுவரில் கை ஊன்றிக்கொண்டார். டாக்டர் போன பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தார். குனிந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"நீ கேட்டியா?"

தலையாட்டினேன்.

"உங்கம்மாகிட்ட சொல்லக் கூடாது. எப்பவும் சொல்லக் கூடாது. சொன்னா அவளும் போயிடுவா. புரியுதா?"

மறுநாள் விடியற்காலை பாப்பா போய்விட்டாள். தூக்கிக்கொண்டு வரும்போது மலைமேல் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள்.

பழியை யார்மேலாவது போட வேண்டும். அத்தைமேல் விழுந்தது. "கொழந்தை குடிக்கிற பாட்டில்ல ஊத்தினாளே பாவி" என்று அம்மா சாவு வீட்டிலேயே கத்தினாள். தான் 'நல்ல வேளை' என்று சொன்னது அவளுக்கு நினைவில்லை. புனல் பிடித்தது நான் என்று நானும் சொல்லவில்லை. அத்தை மூன்றாம் நாள் பஸ் ஏறினாள். அதற்கடுத்த தீபத்துக்கு அவள் வரவில்லை. நாங்கள் கூப்பிடவும் இல்லை.

அம்மா தன்மேல் போட்டுக்கொண்ட பழி வேறு. அரிசி களையும்போது, துணி துவைக்கும்போது, திடீரென்று சொல்லுவாள்: "இன்னும் ஒரு டம்ளர் குடுத்திருக்கணும். அழுதாளேன்னு பாவம் பார்த்து நிறுத்திட்டேன். அந்த ஒரு டம்ளர் குடுத்திருந்தா பொழைச்சிருப்பா." தினமும் சொல்லுவாள். அப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில சமயம் எழுந்து போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்த சைக்கிளையே மறுபடியும் துடைப்பார்.

அப்பா அந்த நாட்களில் வேறொரு வேலையும் ஆரம்பித்தார். கடிதம் கொடுக்கிற ஒவ்வொரு வாசலிலும், "கிருஷ்ணாயிலைக் குடிக்கிற பாட்டில்ல ஊத்தி வெக்காதீங்கம்மா. கொழந்தைங்களுக்கு எட்டாத மாதிரி மேல வையுங்க" என்று சொல்லுவார். கல்யாணப் பத்திரிகை கொண்டுபோன வீட்டிலும் சொல்லுவார். அபசகுனமாகப் பேசுகிறார் என்று ஒரு வீட்டில் சண்டை பிடித்தார்கள். 'கிருஷ்ணாயில் தபால்காரர்' என்று பேர் வைத்தார்கள். என் வகுப்பிலும் அந்தப் பேர் வந்து சேர்ந்தது. எனக்கு எழுத்து குண்டு குண்டாக வரும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை உட்கார வைத்து, பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதச் சொல்லுவார். 'மண்ணெண்ணெய் விஷம். குடிக்கும் பாட்டிலில் வைக்காதீர்.' ஒரு நாளைக்கு இருபது தாள்கூட எழுதியிருக்கிறேன். ஒட்ட இடம் கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஒருநாள் எழுதிக்கொண்டே மெல்லக் கேட்டேன்.

"உப்புத் தண்ணி குடுக்காதீங்கன்னும் எழுதட்டுமாப்பா?"

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். "வேணாம்" என்றார். பிறகு, "இந்த ஊர்ல ஒரு பேச்சு நாலு தெரு சுத்தி நம்ம வூட்டுக்கே வந்துடும்" என்றார்.

இப்போது யோசித்தால், பாதி எழுதி மீதியை மறைத்த தாள்கள் அவை. ஒரு ஆளைக் காப்பாற்றுவதற்காக ஊருக்குச் சொல்ல வேண்டியதை விழுங்கினோம். அப்பா கெட்டவர் இல்லை. அம்மாவின் மேல் அவருக்கு இருந்த பிரியத்தை நான் வேறு எந்தப் புருஷனிடமும் பார்த்ததில்லை. ஆனால் தப்பு தப்புதான்.

இரண்டு வருஷம் கழிந்தது. சித்திரை வெயில். மலை முழுக்கக் காய்ந்து செம்பாறையாகக் கிடந்தது. பள்ளிக்கூடம் லீவு. பூக்காரம்மாவின் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். இரண்டு வயதுக் குழந்தை. ஸ்டவ் திரி மாற்றுவதற்காக ஒரு கிண்ணத்தில் கிருஷ்ணாயில் ஊற்றித் திரியை ஊற வைத்திருக்கிறார்கள். குழந்தை கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்துவிட்டது.

அலறல் கேட்டதும் முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் அம்மா. இரண்டு வருஷமாக யார் வீட்டுக்கும் போகாதவள். போகிற வழியிலேயே, "உப்பு ஜாடியை எடுத்துட்டு வாடி" என்று என்னிடம் கத்தினாள். நான் எடுத்துக்கொண்டு போனேன். போனேன், பாருங்கள். எனக்குத் தெரியும். வராந்தாவில் டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. கை மட்டும் ஜாடியை நீட்டியது.

"தள்ளுங்க, எனக்குத் தெரியும்" என்று அம்மா குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள். கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்தாள். "அன்னிக்குக் கம்மியா குடுத்துட்டேன். இன்னிக்கு விட மாட்டேன். எவ்வளவு அழுதாலும் விட மாட்டேன்." அவள் முகத்தில் ஒரு வெறி, ஒரு வெளிச்சம். கைநழுவிப்போன குழந்தையைத் திரும்பப் பிடித்துவிட்ட மாதிரி. குழந்தையின் தாடையை அழுத்தி வாயைத் திறந்தாள்.

அப்போது சந்தில் அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். நான் வாசலுக்கு ஓடினேன். "அப்பா, கிருஷ்ணாயில், உப்புத் தண்ணி" என்று மட்டும் சொன்னேன். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்தார். கடிதங்கள் முற்றத்தில் சிதறின. வந்த வேகத்தில் அம்மாவின் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டார்.

"குடுக்காதே! வாந்தி எடுக்க வெக்காதே! அதுதான் கொல்லும்!"

"இன்னா சொல்றீங்க? விடுங்க என்னை, கொழந்தை போயிடும்!"

"வாந்தி எடுத்தா மூச்சுக்குள்ள போயிடும். ஒண்ணும் குடுக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"யார் சொன்னது?"

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்? எப்போ?"

அப்பா குழந்தையை அவள் மடியிலிருந்து எடுத்தார். பூக்காரம்மாவின் மகளை சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் குழந்தையை அவள் கையில் கொடுத்து மிதித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவள் புடவையெல்லாம் உப்புத் தண்ணீர். யாரோ ஒருத்தி கையைப் பிடித்து எழுப்பப் போனாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். அந்த மத்தியானம் வெயில் நகர்ந்து அவள்மேல் விழும் வரைக்கும், விழுந்த பிறகும், அவள் அங்கேயே இருந்தாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, இருமியது. நான்காம் நாள் நன்றாகி வீட்டுக்கு வந்துவிட்டது.

குழந்தையைக் கொண்டுபோன அன்றே சாயங்காலம் அப்பா திரும்பி வந்து, "பயம் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார். அம்மா தலையசைத்தாள். அவருக்குத் தட்டு போட்டாள், சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். பிறகு எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னும் ஒரு டம்ளர், இன்னும் ஒரு டம்ளர்னு ரெண்டு வருஷமா நான் சொல்லிக்கிட்டு இருந்தேனே. நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

அப்பா சோற்றில் கையை வைத்தபடியே அழுதார். நான் அதுவரை ஆண்கள் அழுது பார்த்ததில்லை. அம்மா அழவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் நான்கு வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "கிருஷ்ணாயில் குடிச்ச கொழந்தைக்கு யாரும் உப்புத் தண்ணி குடுக்காதீங்க. வாந்தி எடுக்க வெக்காதீங்க. நான் குடுத்தேன். என் பொண்ணு அதுலதான் போயிட்டா." பூக்காரம்மா, "அப்படிச் சொல்லாதம்மா, நான்தானே..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா, "உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், பள்ளிக்கூட வாசலில் சொன்னாள், கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் 'நான் குடுத்தேன்' என்பதை விடாமல் சொன்னாள். அதைச் சொன்னால்தான் ஜனங்கள் நின்று கேட்டார்கள். அவள் உடம்பு வற்றிப்போனது அந்த வருஷத்தில்தான்.

அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போனாள். அத்தை களத்தில் கடலை காய வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். வா என்று சொல்லவும் பயம். அம்மா போய் அவள் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். "பாட்டில்ல ஊத்தினது தப்புதான் அண்ணி. பார்த்துக்கிட்டு நல்ல வேளைன்னு சொன்னவ நான். உப்புத் தண்ணி குடுத்தவளும் நான். உங்க ஒருத்தர் தலையில போட்டுட்டேன்." அத்தை, "கையைப் பிடிச்சுக்கிட்டவ நான்தானே" என்றாள். இரண்டு பேரும் கடலைக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு அறுபது நெருங்கிவிட்டது. நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். குடிக்கிற பாட்டிலில் குடிக்கக் கூடாததை ஊற்றாதீர்கள். அப்படியும் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். நாங்கள் பாதியைத்தான் எழுதினோம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னலோரம், நான் பக்கத்தில். பாதி வழியில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கும் தெரியுமா?"

"என்னம்மா?"

"டாக்டர் சொன்னது."

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். எதையோ தேடினாள். கிடைத்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நீயாச்சும் என்கிட்ட மறைக்கலியே" என்று சொல்லி என் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. தோள் மரத்துப்போனது. ஊர் வந்து சேரும் வரை நான் அசையவில்லை.